பால் எடைத் தாளில் என் தூக்கம்

மகனே,

இந்தக் கடிதத்தை இன்று உன் கையில் கொடுத்தால் கிழித்துக் கப்பல் செய்துவிடுவாய். உனக்கு நாலே கால் வயது. வீட்டுக்குப் பின்னால் கறவைக்காரர் முனியப்பாவின் கிடேரியோடு ஏதோ வழக்கு பேசிக்கொண்டிருக்கிறாய், உன் குரல் இங்கே கேட்கிறது. ஆனால் நான் எழுதுவது மீசை வைத்த ஒருவனுக்கு. உனக்குப் பெண் பேசத் தொடங்கும் நாளில், பேச்சு முடிவதற்கு முன்பே, இதை உன்னிடம் கொடுக்கும்படி அப்பாவிடம் சொல்லப் போகிறேன். அப்போது நீ என் இப்போதைய வயதான இருபத்தேழில் இருப்பாய். சம வயதுக்காரர்களாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு வரிக்குள் மூன்று முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். நீ கிடேரியின் காதுக்குள் எதையோ சொல்கிறாய். அது தலையை ஆட்டுகிறது.

நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே, ஆணியில் ஒரு தாள் தொங்குகிறது. நீ வளர்ந்தபின் அப்பா இந்த மத்திகிரிப் பண்ணையில் இருப்பாரோ மாட்டாரோ, அதனால் விளக்கிச் சொல்கிறேன். பண்ணையில் ஒவ்வொரு பசுவுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. காலையில் கறந்தது எத்தனை ராத்தல், பிற்பகலில் கறந்தது எத்தனை ராத்தல் என்று, பால் தராசில் இருக்கும்போதே எழுத வேண்டும். எழுதுவது உன் அப்பாவின் வேலை. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தவறின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். முதலில் எழுதியது என்ன என்பதும் படிக்கும்படி இருக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் தாளும் அப்படிப்பட்டதுதான், அச்சு சரியாக விழாமல் கழித்துப் போட்டது. அது எனக்கான தாள். அதில் தினமும் நான் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று நானே எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக மூன்று நாள் தொடர்ந்து வந்தால், அப்பா என்னைக் கேட்க மாட்டார், நானும் மறுக்க மாட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் பெங்களூர் ஆஸ்பத்திரி. எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம்.

முந்தாநாள் மூன்றரை. நேற்று மூன்று. இன்றைய கட்டத்தில் நாலரை என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அது பொய். இன்றும் மூன்றுதான். அப்பா பிற்பகல் கறவை முடிந்து ஐந்து மணிக்கு வருவார், செருப்பைக் கழற்றும்போதே தாளைப் பார்ப்பார். இப்போது மணி பன்னிரண்டரை. அதற்குள் அந்தப் பொய்யை என்ன செய்வது என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

என் நோயைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரி அட்டையில் மேனிக் டிப்ரெசிவ் என்று எழுதியிருக்கிறது. நீ படிக்கும் காலத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். எனக்கு அது மேலே போவதும் கீழே போவதும்தான். முதலில் வந்தது கீழே. கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். நிறைந்ததும் அதை இடது இடுப்பில் வைப்பதா வலது இடுப்பில் வைப்பதா என்று தெரியவில்லை. இது வேடிக்கையான விஷயம் என்பது எனக்கே தெரிந்தது, ஆனாலும் முடிவு செய்ய முடியவில்லை. தண்ணீர் வழிந்து ஓடியது. பின்னால் நின்றவள், "ஏம்மா, குடத்துக்குச் சோறு ஊட்டறியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து படுத்தேன். இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. சோகம் என்று நினைத்துவிடாதே. சோகத்துக்கு ஒரு காரணமும் ஒரு கண்ணீரும் இருக்கும். எனக்கு இரண்டும் இல்லை. மாவு அரைக்கும் கல்லைத் தூக்கி மார்பின் மேல் வைத்துவிட்டு, இதற்கு உன் பெயர்தான் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

கெலமங்கலத்திலிருந்து உன் அத்தை வந்து பார்த்தாள். அப்பாவுக்கு அக்கா, தன் தகப்பனாருக்குச் சமமாக அவர் மதிக்கிற அக்கா. வாசலில் நின்றுகொண்டே, "படிச்ச பொண்ணுதான் வேணும்னு கட்டிக்கின. படுத்துக்கினே இருக்கறதுக்கா படிப்பு? புஸ்தகம் படிச்சுப் படிச்சு மூளையில சூடு ஏறிப்போச்சு" என்றாள். அன்று சாயங்காலமே என் புத்தகங்கள் எல்லாம் பண்ணையின் தீவனக் கிடங்குக்குப் போயின. அப்பாதான் சுமந்து போனார். அக்கா சொல்லைத் தட்டவும் தெரியாது, என் புத்தகத்தை எரிக்கவும் மனமில்லை, அதனால் கிடங்கு. பிறகு நான் தேறியபோது அவரே திருப்பிக் கொண்டுவந்தார். இன்றும் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் கடலைப் பிண்ணாக்கு வாசனை வரும். நீ அந்தப் புத்தகங்களைப் பார்த்தால் மோந்து பார்.

அந்தப் புத்தகங்களில் நான் வெகுநாள் தேடியது ஒன்று உண்டு. என்னைப் போன்ற ஒருத்தி, தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்லியிருக்கிறாளா என்று. பண்ணை அதிகாரிகளின் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன அலமாரி ஒன்று இருந்தது. அதில் வைத்தியப் புத்தகமும் உண்டு. எல்லாவற்றிலும் 'அவள்' என்றுதான் இருந்தது. அவள் அதிகம் பேசினாள், அவள் உண்ண மறுத்தாள், அவள் ஆறு வாரத்தில் குணமானாள். 'நான்' என்று ஒருவரும் எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவளைப் பற்றி எழுதிய புத்தகங்கள். அதனால்தான் நான் உனக்கு 'நான்' என்று எழுதுகிறேன்.

இப்போது நான் பண்ணையில் ஒரு கேட்டைத் திறந்துவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்கு முன் மறுபடி எழுந்து உனக்கு மோர் கொடுத்துவிட்டு வந்தேன். நீ பாதியைக் கிடேரிக்கு ஊற்றினாய்.

உனக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் எழுந்தபோது உலகத்தைக் கழுவி வைத்ததுபோல் இருந்தது. அச்செழுத்துகள் தாளிலிருந்து ஒரு நூல் உயரம் எழுந்து நின்றன. மூன்று மணி நேரம் தூங்கினால் போதும், பிறகு இரண்டு, பிறகு கண் மூடினாலே போதும். கறவைக்காரர்களின் மனைவிமாரை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதில் இரண்டு பேர் இன்றும் பஸ் பலகை படிக்கிறார்கள், அதை நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன். ஊரே என்னை மெச்சியது. அத்தைகூட, "இப்பத்தான்டா வீட்டுல வெளக்கு எரியுது" என்றாள். இதை நினைவில் வை. கீழே போகும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேலே போகும்போது எல்லோரும் கை தட்டுவார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு பிற்பகல், கறவைக்கு முன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தேன். ஒரு பக்கம் சிவப்பு சிந்திக் கிடேரிகள். மறு பக்கம் ஹள்ளிகார் காளைகள். நடுவில் இரும்புக் கேட். ஓர் இனத்தோடு மற்றோர் இனம் சேரக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பண்ணை, அதற்காகத்தான் உன் அப்பாவின் அத்தனை தாள்களும். நாட்டுக்கே விடுதலை வந்துவிட்டது, இந்த வாயில்லாப் பிராணிகளுக்கு மட்டும் ஏன் எல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று எழுதுவது பிசகு. தெரிந்தது. கிழக்கு எது என்று தெரிவதுபோல் தெரிந்தது. இந்த நோயின் தந்திரமே அதுதான் மகனே, தோன்றுவதெல்லாம் தெரிவதாக மாறிவிடும். கேட்டின் தாழ்ப்பாள் கனமானது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. உன்னைக் கீழே இறக்கினேன். வழியின் நடுவில், புல்லில், உட்காரவைத்தேன். தாழ்ப்பாளை நீக்கினேன். பிறகு காளைகளோடு சேர்ந்து நானும் உள்ளே ஓடினேன். பாடிக்கொண்டு ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள்.

உன்னை மறந்துவிட்டேன். இந்த வரியை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஒரு தாய் பிள்ளையை ஒரு கணம் கவனிக்காமல் விடுவதுபோல் இல்லை இது. உன் பெயர், நீ என்று ஒருவன் இருப்பது, எதுவுமே என்னிடம் இல்லை. முனியப்பா பசும்புல் ஏற்றிய வண்டியோடு வந்தவர், உன்னைத் தூக்கிப் புல்லின் உச்சியில் போட்டுவிட்டு, தன் தலைத்துண்டை வீசிக் காளைகளைத் திருப்பினார். கடைசிக் காளை நீ உட்கார்ந்திருந்த இடத்தை மிதித்துக்கொண்டு போனது என்று அவர் அப்பாவிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது வேறு. "ஏம்மா, மாட்டுக்கு வெளிய போவணும்னு ஆசை இருந்தா அது என்கிட்ட சொல்லியிருக்காதா? பதினெட்டு வருசமா மடியப் புடிச்சுக்கினு பேசிக்கினு இருக்கறேன்!" நான் அவரைப் பார்த்து, உங்களுக்கு அதன் மொழி தெரியாது என்றேனாம். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் பேசுகிற மனிதரிடம்.

மூன்று கிடேரிகள் சினையாயின. பிறந்த கன்றுகளை எந்த இனத்தின் கீழ் எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கறவைக்காரர்கள் அவற்றுக்குக் கேட் கன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். ஏலத்தில் ஒன்றை முனியப்பா எடுத்தார். நீ காரணம் தெரியாமல் தினமும் கட்டிப் புரளுகிறாயே, அதுதான். உன் அப்பாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். ஒரு ராத்தலைக்கூட மாற்றி எழுதாத மனிதர், தாழ்ப்பாள் பழுதாகியிருந்தது என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய், எனக்குத் தெரிந்து. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் கறவைக் கொட்டகையில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேட்டைத் திறந்த பிறகுதான் என்னைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த முதல் தடவை மருந்தும் தூக்கமும் மட்டும்தான். அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு கன்னடப் பள்ளிக்கூட டீச்சர் இருந்தாள். சாரதம்மா. என்னைத் தங்கி என்று கூப்பிடுவாள், தங்கை என்று பொருள். அவள்தான் நான் தேடிய புத்தகம். மேலே போனபோது பள்ளிக்கூடச் சுவர் முழுவதும் வாய்ப்பாடு எழுதினாளாம், சுவர் தீர்ந்ததும் தலைமை ஆசிரியரின் வெள்ளை வேட்டியில். கீழே போனபோது வாசற்படியில் இரண்டு செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, எதை முதலில் போடுவது என்று தெரியாமல், பள்ளி விடும் மணி கேட்கும்வரை உட்கார்ந்திருந்தாளாம். என் குடத்தைப் பற்றி நான் சொன்னேன். இரண்டு பேரும் அந்த வார்டில் சத்தமாகச் சிரித்தோம். நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள், சிரிப்பு நோயா குணமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாரதம்மா கேட்டாள்: "உனக்கு மொதல்ல என்னா வரும் தங்கி? எனக்கு, கொடுக்கறது. வளையல் கொடுப்பேன், சேலை கொடுப்பேன், கடைசியில வீட்டுப் பால் செம்பு. கை கொடுக்க ஆரம்பிச்சா நான் போயிட்டேன்னு அர்த்தம்." எனக்கு அச்செழுத்து எழுந்து நிற்பது என்றேன். "அது நீ மட்டும் பாக்கறது. வேற யாரும் பாக்கறாப்பல ஒண்ணு வேணும்" என்றாள். அந்த ஒரு பேச்சு, எனக்கு எல்லா வைத்தியப் புத்தகத்தையும்விடப் பெரிது.

திரும்பி வரும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் இல்லை, அதனால் பெங்களூரிலிருந்து வரும் பையெல்லாம் மோந்து பார்க்கப்படும். போலீஸ்காரர் என் மருந்துப் புட்டியைத் திறந்து முகர்ந்து, "என்னாம்மா இது, மருந்தா சரக்கா?" என்றார். அப்பா வியர்த்துப் போய் மருந்துங்க என்றார். "என்னா நோவு?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்பா சொன்னார்: "இவங்க டீச்சர் ட்ரெயினிங் போயிட்டு வராங்க. தொண்டைக்கு மருந்து."

அப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. உன் அம்மா டீச்சர் ட்ரெயினிங் போயிருக்கிறாள். உனக்கும் அதைத்தான் சொன்னோம். இரண்டாம் தடவை போய்வந்தபோது குழாயடியில் கேட்டார்கள், "என்னா டீச்சரம்மா, போன தடவ பெயிலாயிட்டியா?" நானும் சிரித்தேன். உன்னை ஏமாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. அது சௌகரியமாக இருந்தது. பைத்தியக்காரி மகன் என்பதைவிட டீச்சர் மகன் என்பது நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு நாள் நீ சிலேட்டை எடுத்துக்கொண்டு பலகையில் ஏறி நின்று, நானும் ட்ரெயினிங் போறேன் என்றாய். உன்னைப் பலகையிலிருந்து இறக்கிவிட்டேன்.

மணி இரண்டரை. கறவை மணி அடித்துவிட்டது. இந்தப் பக்கத்தில் என் எழுத்து பெரிதாகிவிட்டது, பார். முதல் பக்கத்தில் வரிக்கு எட்டு வார்த்தை, இங்கே ஐந்து. அதுவும் ஓர் அடையாளம். சின்னதாக எழுதப் பார்க்கிறேன்.

சாரதம்மா சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நேரே போய், பண்ணையிலிருந்து கழித்துப்போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். "நோவு வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே மாட்டுக்குப் பாலு கொறையும். மாடு சொல்லாது. தாளு சொல்லும்" என்றார். மாட்டு எண் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். காதில் வளையம் போட்டால் எழுதலாம் என்றார். அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அபூர்வம்.

ஒரு வருடத்துக்கு மேல் தாள் ஒழுங்காக ஓடியது. கீழே போன நாட்களும் அதில் இருக்கின்றன. பன்னிரண்டு, பதினான்கு. அந்த மழைக்காலத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். நீ வந்து உள்ளங்கையால் என் முதுகில் தட்டினாய். அம்மா, அம்மா என்று. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்லி உன்னைச் சமாதானம் செய்யமாட்டேன். கேட்டது, திரும்ப முடியவில்லை. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு என் முதுகோடு முதுகு வைத்துப் படுத்துக்கொண்டாய். அந்தக் காலத்தில் குழாயடிக்கும் கிணற்றடிக்கும் அப்பாவே போனார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர் என்னைக் கிணற்றுப் பக்கம் விடாதது சரிதான்.

அதற்குப் பின் மறுபடி மேலே. அப்போது நான் முதன்முறையாகத் தாளில் பொய் எழுதினேன். இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரி என்று தோன்றியது, இல்லை, தெரிந்தது. நாலு நாள் ஆறு ஆறு என்று எழுதினேன். ஐந்தாம் நாள் அப்பா தாளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இங்க பாரு. ஆறு, ஆறு, ஆறு, ஆறு. எந்த மாடும் இப்பிடிக் கறக்காது" என்றார். கறவைக்காரர்கள் எடையை மனத்தால் எழுதினால் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்களாம். நான் தட்டை வீசினேன். அவர் நெற்றியில் இருக்கும் தழும்பு அதுதான், மாடு முட்டியது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். நான் பஸ் ஏற மறுத்து, கடைசியில் போனபோது பத்து நாள் தாமதம். இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. நெற்றியில் கரண்ட் வைத்தார்கள்.

அதைப் பற்றி உனக்குப் பயமுறுத்திச் சொல்ல மாட்டேன். அது என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனால் கையோடு சிலவற்றை எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் நீ ஓடி வந்து ஒரு முழு வாக்கியம் பேசினாய். எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறான் என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். "அஞ்சு மாசமாச்சு. நீதான் சொல்லிக் குடுத்த" என்றார். நீ தாமதமாகப் பேசத் தொடங்கியவன், பேசக் கற்றுக்கொண்ட அந்த ஐந்து மாதமும் என்னிடம் இல்லை. முதலில் என்ன சொன்னாய் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும், ஆனால் நினைவில்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை நீ ஒருபோதும் அறியாமல் இரு.

இன்று பென்சில் எடுத்ததற்குக் காரணம் அதுதான். ஆறு என்று எழுதவில்லை. நாலரை. பொய்யில் எனக்கும் பயிற்சி வந்துவிட்டது, எந்த மாடும் கறக்கக்கூடிய அளவு. புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, கரண்ட் தேவைப்படாமலும் போகலாம் என்று டாக்டர் போன தடவை சொன்னார். சொல்ல முடியாது என்றும் சொன்னார். இந்த நாலு மாதத்து உன்னை மறுபடி எடுத்துக்கொண்டால்? அதனால் எழுதி வைக்கிறேன், எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில். நம் வீட்டுக்கு மூன்று படி. நீ ஏறும்போதெல்லாம் எண்ணுகிறாய்: ஒகட்டி, எரடு, மூணு. முதல் படி தெலுங்கு, இரண்டாவது கன்னடம், மூன்றாவது தமிழ். திருத்த முயன்றேன், நீ கேட்கவில்லை. களியை உருட்டி நடுவில் குழி செய்து, குழம்பு ஊற்றுவதற்கு முன் அதற்குள் எட்டிப் பார்க்கிறாய். தூங்கும்போது ஒரு கால் என் வயிற்றின் மேல் இருக்க வேண்டும், எடுத்தால் தூக்கத்திலேயே திட்டுகிறாய். முந்தாநாள் தேன்கனிக்கோட்டை பஸ் திரும்புவதைப் பார்த்து, அது எதையோ மறந்து வச்சிட்டு எடுக்கப் போவுது என்றாய். என் கையில் உன் முகத்தை வைத்துத் தேய்த்து, அம்மா உன் கை புஸ்தகம் மாதிரி நாறுது என்றாய்.

உனக்கு இந்த நோய் வருமா என்று தெரியாது. வராமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். வந்தால், அது பெண்பிள்ளைக்குத்தான் என்று அத்தை சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காதே. ஆனால் ஒவ்வொரு சந்தோஷத்தையும் சோதனைச் சாவடியில் நிறுத்தி மோந்து பார்க்காதே. நான் அப்படிச் செய்து நிறைய நல்ல நாட்களைக் கெடுத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறதா, இரு. தூக்கம் எத்தனை மணி என்று மட்டும் பார். உன் வார்த்தையை நீயே நம்பக் கூடாத நாள் ஒன்று வந்தால், யார் வார்த்தையை நம்புவது என்பதை நல்ல நாளிலேயே முடிவு செய்து வை. உனக்குப் பேசியிருக்கும் அந்தப் பெண்ணிடம், தாலிக்கு முன் இந்தக் கடிதத்தைக் கொடு. அவள் வேண்டாம் என்றால் அவள்மேல் கோபப்படாதே. என் கல்யாணத்தில் யாரும் எதையும் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஆனால் இந்த நோய் அப்போது யாருக்கும் தெரியாததால், உன் அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் கட்டிவைத்ததுபோல் ஆகிவிட்டது. அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சில சமயம் சொல்லிக் காட்டியிருந்தால் நல்லது என்றுகூட இருக்கும்.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று புரிகிறது. அந்த ஐந்து மாதத்தைக் கரண்ட் எடுத்துக்கொண்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் எழுதிய நாலு ஆறுகளும் பத்து நாள் தாமதமும் சேர்ந்து எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத முடிகிறதே, அந்த மட்டில் நான் இன்னும் அதிக தூரம் போகவில்லை.

நாலே முக்கால். படியில் உன் சத்தம். ஒகட்டி. எரடு. மூணு. உள்ளே வந்து, கையில் சாணியோடு, என்ன எழுதற என்றாய். உனக்குத்தான் என்றேன். பிறகு சொன்னேன், இந்த நிமிஷம் சொன்னேன், நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லடா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ட்ரெயினிங்கா?"

"இல்ல. ஆஸ்பத்திரி. போன தடவையும் ஆஸ்பத்திரிதான்."

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"மூணு எண்ணு. அப்பறம் வலிக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடிவிட்டாய். இறங்கும்போது நீ எண்ணுவதில்லை.

எழுந்து போய்ப் பேனாவை எடுத்தேன். பென்சில் நாலரையை அழிக்கவில்லை. அதன் மேல் மையால் ஒற்றைக் கோடு போட்டேன், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் மூன்று என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். இந்த மாதத்துத் தாளையும் கடிதத்தோடு சேர்த்து வைக்கச் சொல்வேன். உன் அப்பாவின் சைக்கிள் கேட்டுக்குள் திரும்புகிறது. மை இன்னும் காயவில்லை.

உன் அம்மா